ஞாயிறு ஆராதனையை விடாமல் காத்துக்கொள்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் ஒருவர் பெரிய விருந்து வைத்து, அழைக்கப்பட்டவர்களிடம் ஆள் அனுப்புகிறார். ஒருவன் வயல் வாங்கியிருக்கிறேன், போய்ப் பார்க்கவேண்டும் என்கிறான். அடுத்தவன் ஐந்து ஏர்மாடு வாங்கியிருக்கிறேன், அதைச் சோதித்துப் பார்க்கப் போகிறேன் என்கிறான். மூன்றாமவன் இப்போதுதான் கல்யாணம் ஆயிற்று, வரமுடியாது என்கிறான். இந்த மூன்று பேரும் எந்தப் பாவமும் செய்யப் போகவில்லை. வயலும் மாடும் மனைவியும் கடவுள் கொடுக்கும் நன்மைகள்தான். புதிதாக மணமானவன் ஒரு வருஷம் யுத்தத்துக்குப் போகாமல் வீட்டில் இருக்கலாம் என்று உபாகமம் 24-இல் சட்டமே உண்டு. ஆனால் அந்தச் சலுகை யுத்தத்துக்குத்தான். விருந்துக்கு வராததற்கு அதைக் காரணமாகச் சொன்னதுதான் வீட்டெஜமானை வருத்தியது.

நம்மை ஆராதனையிலிருந்து பிரிப்பவையும் பெரும்பாலும் இப்படிப்பட்ட நல்ல காரியங்கள்தான். பிள்ளையின் டெஸ்ட், சொந்தக்காரர் வீட்டு விசேஷம், ஆறு நாள் உழைத்த உடம்பின் அசதி. அதனால்தான் அவை சாக்காகவே தெரிவதில்லை. ஒரு வாரம் போகாவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது என்று தோன்றும். ஏறக்குறைய 305-இல் ஸ்பெயினின் எல்விரா நகரில் கூடிய ஆயர்கள், நகரத்தில் இருந்துகொண்டே தொடர்ந்து 3 ஞாயிறு வராதவரைக் கொஞ்ச காலம் சபையிலிருந்து விலக்கி வைக்கவேண்டும் என்று விதித்தார்கள். அந்தத் தண்டனை இன்று வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் போட்ட கணக்கு சரியானது. மூன்று வாரம் விட்டவருக்கு நாலாவது வாரம் வீட்டில் இருப்பதுதான் வழக்கமாகியிருக்கும்.

விசுவாசம் உண்டு, சபையும் உண்டு, ஆனால் ஆராதனை மட்டும் விட்டுவிட்டு நடக்கிறது என்று வருத்தப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆராதனை, திருப்பலி, பூசை என்று உங்கள் வீட்டில் எப்படிச் சொன்னாலும் இது பொருந்தும்.

முதல் படி: முடிவை ஒரே தடவை எடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குப் படுக்கையில் இருந்தபடி, "இன்றைக்குப் போகலாமா?" என்று யோசிக்கும் வீட்டில் ஆராதனை நிலைக்காது. அந்த நேரத்தில் உடம்பு ஒரு பக்கம் பேசும், வானிலை ஒரு பக்கம் பேசும், வேலைகள் ஒரு பக்கம் இழுக்கும். வாரத்துக்கு ஒரு முறை அந்தக் கேள்வியைக் கேட்டால், வருஷத்தில் ஐம்பது முறைக்கு மேல் தோற்க வாய்ப்புக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். கேள்வியையே எடுத்துவிட வேண்டும்.

இயேசுவைப் பற்றி லூக்கா 4:16 சொல்வது, தம்முடைய வழக்கத்தின்படியே ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போனார் என்று. நாசரேத்து ஜெப ஆலயத்தில் அவருக்குக் கற்றுக்கொடுக்க யாருக்குத் தகுதி இருந்தது? அன்றைக்கே அந்த ஊரார் அவரை மலையிலிருந்து தள்ளிவிடப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட ஒரு சபைக்கும் அவர் வழக்கமாகப் போனார். போகலாமா என்று சனிக்கிழமை இரவு அவர் யோசித்துக்கொண்டிருந்ததாக எங்கும் எழுதப்படவில்லை.

304-இல் பேரரசன் தியோக்கிளேசியனின் உபத்திரவ காலத்தில், இன்றைய துனிசியா நாட்டில் இருந்த அபித்தினே என்ற ஊரில் 49 கிறிஸ்தவர்கள் ஒரு வீட்டில் ஆராதனைக்குக் கூடியபோது பிடிபட்டார்கள். கார்த்தேஜுக்குக் கொண்டுபோய் விசாரித்தார்கள். கட்டளையை மீறி ஏன் உன் வீட்டில் கூட்டம் நடத்தினாய் என்று எமெரித்துஸ் என்பவரை அதிகாரி கேட்டபோது, ஆண்டவருடைய நாளின் கூடுகை இல்லாமல் எங்களால் இருக்கமுடியாது என்றார் அவர். அந்தப் பதிலில் எனக்கு முக்கியமாகத் தெரிவது வீரம்கூட இல்லை, இயல்பு. சாப்பாடு இல்லாமல் இருக்கமுடியாது என்பவர் பேசுவதுபோல அவர் பேசினார்.

எனவே வீட்டில் எல்லோரும் ஒரு நாள் உட்கார்ந்து, இந்த வீட்டில் ஞாயிறு ஆராதனை பேச்சுவார்த்தைக்கு உட்பட்டதில்லை என்று சொல்லிக்கொள்ளுங்கள். ஜெபத்தோடு சொல்லுங்கள். பிள்ளைகளின் காதில் விழும்படி சொல்லுங்கள். வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களும் பேசட்டும், அவர்களுக்கு இருக்கும் தடை என்ன என்று கேளுங்கள்.

இரண்டாம் படி: சனிக்கிழமையைச் சரிசெய்யுங்கள்

ஞாயிறு ஆராதனை பெரும்பாலும் சனிக்கிழமை இரவில்தான் தோற்கிறது. 11 மணி வரை வரவேற்பு நிகழ்ச்சியில் இருந்துவிட்டு, அப்புறம் ஒரு மணி வரை போனில் இருந்தால் காலையில் எப்படிப்பட்ட விசுவாசிக்கும் கண் திறக்காது. சனிக்கிழமை கல்யாண வரவேற்புக்குப் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. சீக்கிரம் போய், வாழ்த்தி, சாப்பிட்டு, 9 மணிக்குக் கிளம்பிவிடலாம். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

அன்று மாலையே செய்யவேண்டியவை சில உண்டு. எல்லோருடைய உடுப்பையும் தேய்த்து வையுங்கள். பைபிள், பாட்டுப் புத்தகம், காணிக்கைக் கவர், பிள்ளைகளின் செருப்பு எல்லாம் ஓர் இடத்தில் இருக்கட்டும். காணிக்கையை வாரத்தின் முதல் நாளில் எடுத்து வைக்கச் சொல்லிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். வாசலில் நின்று சில்லறை தேடும் வீட்டுக்கு அது நல்ல புத்தி.

அடுத்தது கறிக்கடை. நம் ஊரில் ஞாயிறு என்றால் கறி என்று ஆகிவிட்டது. காலை 6 மணிக்கே வரிசை நிற்கிறது. ஆண்கள் வரிசையில், பெண்கள் மசாலா அரைப்பில், முதல் மணி அடிக்கும்போது ஒருவரும் குளித்திருக்கமாட்டார்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். எத்தனையோ குடும்பங்களில் அம்மா மட்டும் ஆராதனைக்கு வராததற்கு இந்தச் சமையலே காரணம். சனிக்கிழமையே கறி வாங்கி மசாலா தடவி ஃபிரிட்ஜில் வையுங்கள், அல்லது ஆராதனை முடிந்து வரும்வழியில் வாங்கி மதியம் 2 மணிக்குச் சாப்பிடுங்கள். வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் வெங்காயம் உரிப்பதில் தொடங்கி அடுக்களை வேலையில் கைகொடுக்கட்டும். ஒரு பெண்ணின் ஆராதனையை விலையாகக் கொடுத்து வீட்டார் சாப்பிடும் விருந்து எனக்குச் சம்மதமில்லை.

படுக்கப் போகுமுன் மறுநாளுக்கான வேதபாடத்தை ஒரு தடவை சத்தமாக வாசியுங்கள். தென்னிந்தியத் திருச்சபையின் பஞ்சாங்கத்திலும் கத்தோலிக்க நாட்காட்டியிலும் அந்தந்த ஞாயிறுக்கான வாசகங்கள் அச்சிட்டிருக்கும். பெந்தெகொஸ்தே சபையாராக இருந்தால், போன வாரப் பிரசங்கத்தின் வேதபகுதியைத் திரும்ப எடுங்கள். முந்தின இரவே காதில் விழுந்த வசனத்தைக் காலையில் பிரசங்க பீடத்திலிருந்து கேட்கும்போது மனம் எளிதாக ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாம் படி: வழக்கமான காரணங்களை ஒவ்வொன்றாக எதிர்கொள்ளுங்கள்

"ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு." இந்த வலி உண்மையானது. ஆனால் முதல் மூன்று நூற்றாண்டு கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு விடுமுறையே கிடையாது. கான்ஸ்டன்டைன் 321-இல் ஆணையிட்ட பிறகுதான் நகரங்களில் நீதிமன்றங்களும் பட்டறைகளும் ஞாயிறன்று மூடப்பட்டன. விவசாயிகளுக்கு அப்போதும் ஓய்வு இல்லை. அதற்கு முன்னே எப்படிக் கூடினார்கள்? ஏறக்குறைய 112-இல், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி, ரோமப் பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணிப் பாடுகிறார்கள் என்று அதில் எழுதுகிறார். அவர் பிடித்துச் சித்திரவதை செய்தவர்களில் சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களும் உண்டு. அடிமைகள். விடுமுறை கேட்கும் உரிமையே இல்லாதவர்கள் இருட்டோடு எழுந்து பாட்டுப் பாடப் போனார்கள். நமக்கு மதியம் முழுவதும் தூங்க நேரம் இருக்கிறது.

"பிள்ளைக்குக் கோச்சிங் கிளாஸ்." இதில் பெற்றோருக்கு இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. நீட் தேர்வே ஞாயிற்றுக்கிழமையில்தான் வைக்கிறார்கள், பயிற்சி நிறுவனங்களும் மாதிரித் தேர்வை அன்றே வைக்கின்றன. இங்கே நேரத்தை மாற்றிப் பார்ப்பதுதான் வழி. நகரங்களில் பல ஆலயங்களில் காலை 6 மணிக்கோ அதற்கும் முன்போ ஓர் ஆராதனை உண்டு, சில இடங்களில் மாலை ஆராதனையும் உண்டு. கத்தோலிக்கருக்குச் சனிக்கிழமை மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடமையை நிறைவேற்றும். பரீட்சை வருஷத்தில் ஆராதனையை நிறுத்திவைக்கும் வீட்டில், பிள்ளை ஒரு பாடத்தை நன்றாகக் கற்றுக்கொள்கிறது: நெருக்கடி வந்தால் முதலில் கடவுளைத் தள்ளிவைக்கலாம் என்று. பத்தாம் வகுப்புக்கு ஒரு வருஷம், பன்னிரண்டுக்கு ஒரு வருஷம் என்று விட்டபின், கல்லூரி விடுதியில் அவன் ஆலயத்தைத் தேடவில்லையே என்று அழுதால் அது யார் பிழை?

"வீட்டில் இருந்தே பார்த்துக்கொள்கிறோம்." 2020 மார்ச்சில் ஆலயங்கள் மூடப்பட்டபோது யூடியூப் நேரலை பெரிய ஆறுதலாக இருந்தது. படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கு இன்றும் அது நல்ல துணை. ஆனால் நடக்க முடிந்தவர் சோபாவில் காப்பியோடு உட்கார்ந்து பார்ப்பது வேறு. திரையில் அப்பமும் ரசமும் கிடைக்காது. அதைவிட, போன வாரம் கணவரை அடக்கம்பண்ணிவிட்டு முதல் தடவையாகத் தனியே வந்து உட்கார்ந்திருக்கும் பெண்மணியை உங்களால் பார்க்கமுடியாது, அவருக்கும் உங்களைப் பார்க்கமுடியாது. எபிரெயர் 10:25 சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று சொல்லும்போது, ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள் என்று சேர்த்தே சொல்கிறது. நான் என்ன பெற்றுக்கொள்கிறேன் என்பதை மட்டும் கணக்கிட்டால் நேரலை போதும். என்னால் மற்றவருக்கு என்ன கிடைக்கவேண்டும் என்று கேட்டால் போதாது.

"பிரசங்கம் நன்றாக இல்லை." இருக்கலாம். எல்லாப் போதகருக்கும் பேச்சுத்திறமை ஒன்றுபோல் இருக்காது. ஆனால் ஆராதனையில் ஒரு சிறு பகுதி மட்டுமே பிரசங்கம். பாவ அறிக்கை, வேதவாசிப்பு, விசுவாசப் பிரமாணம், பரிந்துரை ஜெபம், பாமாலை, திருவிருந்து எல்லாம் அவர் திறமையை நம்பி இல்லை.

"அங்கே இருப்பவர்களோடு ஆகாது." இதில் கொஞ்சம் நிற்கவேண்டும், ஏனென்றால் நம் சபைகளில் இது மிகவும் பரவிய நோய். கமிட்டித் தேர்தல் சண்டை, சேகரப் பிரச்சினை, சொத்துத் தகராறு, கல்லறையில் இடம் கொடுக்காத மனத்தாங்கல் எல்லாம் ஆலய வாசல்வரை வருகின்றன. சாதி பார்க்கும் சபையில் அவமானப்பட்டுத் திரும்பியவர்களும் உண்டு. மத்தேயு 5:23, 24 வசனங்களில், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகி, பின்பு வந்து செலுத்து என்கிறார் ஆண்டவர். போய் ஒப்புரவாகு என்பதோடு அவர் நிறுத்தவில்லை, திரும்பி வா என்றும் சொல்கிறார். சண்டை இருந்தால் அந்த வாரமே ஒருவரை அனுப்பிப் பேசுங்கள் அல்லது நேரில் போங்கள். ஒப்புரவாக அவர் சம்மதிக்கவில்லை என்றாலும் ஆராதனை உங்களுடையது.

இதற்கு ஒரு வரம்பு உண்டு, அதை மறைக்கக்கூடாது. ஒரு சபையில் உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ தீங்கு நடந்திருந்தால், தீங்கு செய்தவர் இன்னும் அதே இடத்தில் இருந்தால், அங்கே போய் உட்காரவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. போலீசில் புகார் கொடுங்கள், வேறு ஆலயத்தில் ஆராதியுங்கள். சாதி சொல்லி உங்களைத் தள்ளிய சபைக்கும் இதுவே பதில். அது இடைவெளியும் இல்லை, சாக்கும் இல்லை.

"நான் அதற்குத் தகுதியாக இல்லை." குடிப்பழக்கத்தோடு போராடுகிறவர், வழக்கில் சிக்கியவர், கல்யாணம் முறிந்தவர், கடனாளி ஆனவர் பலரும் இதைச் சொல்லிப் பின்வாங்குகிறார்கள். தேவாலயத்தில் தூரத்தில் நின்று, மார்பில் அடித்துக்கொண்டு, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும் என்று சொன்ன ஆயக்காரன்தான் நீதிமானாக வீடு திரும்பினான். அவன் வெட்கத்தோடேயே வந்தான். உடுப்பு சரியில்லை என்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வாருங்கள்.

நான்காம் படி: மெய்யான தடையை நேர்மையாகக் கையாளுங்கள்

ஓய்வுநாளில் துரவில் விழுந்த எருதைத் தூக்கிவிடாதவன் யார் என்று கேட்டவர் இயேசு. காய்ச்சல், பிரசவம், படுக்கையில் இருக்கும் மாமியார், மருத்துவமனையில் இரவு டியூட்டி முடித்து வரும் நர்ஸ், பஸ் ஓட்டுநர், மின்வாரியப் பணியாளர் இவர்களைக் குற்றப்படுத்தும் எந்தப் போதனையும் சுவிசேஷத்தின்படி இல்லை.

தடையா சாக்கா என்று தெரியாமல் குழம்பினால் இப்படிப் பாருங்கள். இதே காரணத்துக்காக வேலைக்கு லீவு போடுவீர்களா? இதே தலைவலியோடு நெருங்கிய சொந்தத்தின் கல்யாணத்துக்குப் போவீர்களா? பதில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மெய்யான தடை என்றால், சபையிடம் சொல்லுங்கள். ஏறக்குறைய 155-இல் ரோமாபுரியில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ ஆசிரியர் எழுதிய விவரத்தில், ஞாயிறன்று எல்லோரும் ஓரிடத்தில் கூடி, வேதவாக்கியங்களை வாசித்து, எழுந்து ஜெபித்து, அப்பத்திலும் ரசத்திலும் பங்குபெற்ற பிறகு, வரமுடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்று இருக்கிறது. இன்றும் போதகரோ குருவானவரோ வீட்டுக்கு வந்து திருவிருந்து தருவார்கள். கேட்பதற்குத் தயங்கவேண்டாம். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்று யாக்கோபு எழுதியிருக்கிறாரே. ஷிஃப்ட் வேலை செய்பவர்கள் மாத ஷிஃப்ட் அட்டவணை வந்தவுடன், எந்த ஞாயிறு எந்த நேர ஆராதனை என்று அதிலேயே குறித்துக்கொள்ளட்டும். எல்லா ஞாயிறும் டியூட்டி என்றால், வாரத்தின் நடுவில் நடக்கும் ஜெபக்கூட்டமோ திருப்பலியோ அவர்களுடைய கூடுகையாக இருக்கட்டும்.

நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில், ஒரே ஆள் மாதக்கணக்கில் வராமல் இருப்பதற்குச் சபையும் பொறுப்பு. பெண்கள் ஐக்கிய சங்கத்திலோ வாலிபர் கூட்டத்திலோ இரண்டு பேர் முறைவைத்து, ஆராதனை நேரத்தில் அந்த வீட்டில் இருந்தால் போதும்.

ஐந்தாம் படி: ஊர் விட்டு ஊர் போனால்

டிக்கெட் எடுக்கும்போதே, அங்கே ஞாயிறு காலை எந்த ஆலயம் என்று பார்த்துவிடுங்கள். வெளிநாட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் போன முதல் மாதத்தில் அமைவதுதான் பிறகு பழக்கமாகிறது. குவைத், கத்தார் போன்ற நாடுகளில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் பல சபைகளின் பெரிய ஆராதனை வெள்ளியன்று நடக்கும். அமீரகம் 2022-இல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறியது. சிங்கப்பூரில் ஓஃபிர் சாலையில் உள்ள லூர்து அன்னை ஆலயம் 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காகவே கட்டப்பட்டது. சவூதியில் பொது ஆலயம் கிடையாது. அங்கே இருப்பவர்கள் அந்த நாட்டுச் சட்டத்தையும் தங்கள் பாதுகாப்பையும் பார்த்துக்கொண்டு, அறைக்குள் வேதம் வாசித்து ஜெபிக்கலாம். பத்மு தீவில் தனியாக இருந்த யோவானுக்கும் கர்த்தருடைய நாள் எது என்று தெரிந்திருந்தது.

ஆறாம் படி: சபையில் ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள்

மணி அடிப்பது, பாய் விரிப்பது, ஓய்வுநாள் பள்ளியில் சிறு வகுப்பு எடுப்பது, பாடகர் குழு, வேதவாசிப்பு, ஒலிபெருக்கி கவனிப்பது. எதுவானாலும் சரி, நீங்கள் வராவிட்டால் யாராவது உங்களைத் தேடும்படி ஒரு பொறுப்பு இருக்கட்டும். வாலிபப் பிள்ளைகளுக்கு இதுபோல் உதவுவது வேறொன்றும் இல்லை. பெரிய பதவி வேண்டாம், அது ஆராதனையை விடச் சண்டையைத்தான் பெருக்கும்.

ஏழாம் படி: மனம் வறண்ட நாட்களிலும் போங்கள்

பாட்டு ஓடும், வாய் அசையும், உள்ளே ஒன்றும் இருக்காது. உணர்வில்லாமல் போவது மாய்மாலம் என்று நினைத்து நின்றுவிடுகிறவர்கள் உண்டு. 73-ஆம் சங்கீதத்தை எழுதிய ஆசாப்பைப் பாருங்கள். துன்மார்க்கர் வாழ்வதைக் கண்டு பொறாமைப்பட்டு, நான் சுத்தமாய் வாழ்ந்தது வீண் என்கிற அளவுக்கு வந்துவிட்டார். யோசித்துப் பார்த்தும் அது அவருக்கு விளங்கவில்லை. தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனபிறகுதான் விளங்கிற்று. கசப்போடுதான் உள்ளே போனார்.

அப்படிப்பட்ட நாட்களில் உங்கள் வார்த்தைகள் வற்றிப்போனால், ஆராதனை முறைமையில் இருக்கும் ஜெபங்களைச் சொல்லுங்கள். அவை இதற்காகவே உண்டானவை. பக்கத்தில் இருப்பவர் பாடுவதைக் கேளுங்கள். சில வாரங்கள் அவருடைய விசுவாசத்தில் நீங்கள் சாய்ந்து நிற்கலாம், வேறொரு நாள் அவர் உங்கள்மேல் சாய்வார். துக்கமோ மனச்சோர்வோ பல வாரம் தொடர்ந்தால் போதகரிடம் பேசுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

வாரநாட்களில் வீட்டு ஜெபம் இருந்தால் இந்த வறட்சி குறையும். நீளமாக வேண்டாம், ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஒரு ஜெபம் போதும். தானியேல் ராஜகட்டளை வந்தபோது புதிதாக ஜெபிக்கத் தொடங்கவில்லை, முன் செய்துவந்தபடியே தினம் மூன்று வேளை முழங்கால்படியிட்டான்.

எட்டாம் படி: ஏற்கெனவே விட்டுப்போயிருந்தால்

உயிர்த்தெழுந்த நாளின் மாலையில் சீஷர்கள் கூடியிருந்தபோது தோமா அங்கே இல்லை. ஏன் இல்லை என்று யோவான் சொல்லவில்லை. ஆண்டவர் வந்தார், தோமா அவரைக் காணவில்லை. ஆனால் எட்டு நாளைக்குப் பின்பு அவர்கள் மறுபடி கூடியபோது தோமாவும் அவர்களோடு இருந்தார். நம்பமாட்டேன் என்று சொன்ன பிறகும் வந்து உட்கார்ந்தார். என் ஆண்டவரே, என் தேவனே என்ற அறிக்கை அந்த இரண்டாம் ஞாயிறில்தான் பிறந்தது. சென்னை பரங்கிமலையில் அவர் பெயரால் எழும்பிய ஆலயத்துக்கு ஏறுகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

ஆகவே கிறிஸ்துமஸ் வரட்டும், புது வருஷ இரவு ஆராதனையில் புதிதாகத் தொடங்குவோம் என்று தள்ளிப்போடாதீர்கள். வருகிற ஞாயிறே போங்கள். முந்தின நாள் சபையில் உங்களுக்குப் பிரியமான ஒருவருக்குப் போன் செய்து, நாளைக்கு வருகிறேன், பக்கத்தில் இடம் வையுங்கள் என்று சொல்லுங்கள். விட்ட வாரங்களுக்கு யாரிடமும் கணக்கு ஒப்புவிக்க வேண்டியதில்லை. திருவிருந்தில் பங்குபெற மனம் கூசினால், ஆராதனைக்கு முன் போதகரைப் பார்த்துப் பேசுங்கள். கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனத்துக்குச் சனிக்கிழமை மாலையே போய்வரலாம்.

வழக்கமாக வருகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நீண்ட நாள் கழித்து வந்தவரை வாசலில் நாலு பேர் முன்னால், "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே வராமல் இருப்பவர்கள் அநேகர். கையைக் கொடுங்கள், பிள்ளைகள் நலமா என்று விசாரியுங்கள், அடுத்த வியாழனோ வெள்ளியோ அவருக்கு ஒரு போன் செய்யுங்கள்.